டபிள்யூ.பி தகட்டோடு வன்னிக்கு வந்த கார்: முதலில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி கேட்டவர் ஓர் ஆசிரியை. வத்தளையில் இருந்து கிளிநொச்சிக்கு இடமாற்றம் பெற்று வந்திருக்கிறார். வருவதற்கு முதல் அங்கேயே ஒரு கார் சேலில், அதாவது பழைய வாகனங்கள் விற்கும் இடத்தில், பழைய அல்டோ ஒன்றை வாங்கி, ஏ9 வழியாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பதிவுப் புத்தகத்தில் இருப்பது கார் சேல்காரரின் பெயரும் இல்லை, மொரட்டுவையில் இருக்கும் வேறொருவரின் பெயர். அந்த ஆள் கையொப்பம் வைத்த, நிரப்பப்படாத படிவங்கள் ஆசிரியையின் கையில் இருக்கின்றன. வருமான அனுமதிப்பத்திரம், அதாவது வருடா வருடம் எடுக்கும் வரிப்பத்திரம், இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. மேல் மாகாணத்து எழுத்தான டபிள்யூ.பி உள்ள தகட்டை வட மாகாணத்து என்.பி ஆக்க வேண்டுமா, பதிவை எங்கே மாற்றுவது, அயலில் எல்லோரும் சொல்வதுபோல ஓப்பின் பேப்பரிலேயே, அதாவது அந்த நிரப்பாத படிவங்களோடேயே, ஓடிக்கொண்டு வருடா வருடம் டக்ஸை, அந்த வரிப்பத்திரத்தை, மட்டும் எடுத்தால் காணாதா என்று மூன்று விஷயங்களை வரிசையாகக் கேட்டிருக்கிறார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரே கேள்வி: இந்தக் காருக்கு இண்டைக்கு யார் பொறுப்பு? அதற்குப் பதில் சொன்னால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

நான் வன்னியில் பிரதேச செயலகமொன்றில் வாகன வரிப்பத்திரம் கொடுக்கும் கருமபீடத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவன். இப்போதும் தெரிந்தவர்கள் படிவங்களோடு வீட்டுக்கு வருவார்கள். சட்டத்தரணி இல்லை, ஆகவே நீதிமன்ற வாசல் வரை போகும் சங்கதிகளில் எது சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். கட்டணங்களை எழுதப்போவதில்லை. அவை வர்த்தமானியில் மாறிக்கொண்டே இருப்பவை. இங்கே ஒரு தொகையை எழுதினால் அடுத்த வருடம் யாராவது அதை நம்பிக் காசோடு போய் நிற்பார்கள்.

தகட்டு விஷயம் சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம். முன்பெல்லாம் வாகனம் ஒரு மாகாணத்தில் இருந்து இன்னொரு மாகாணத்து ஆளின் பெயருக்கு மாறினால், இலக்கம் அப்படியே இருக்க, முன்னால் உள்ள மாகாண எழுத்து மாற வேண்டும். பழைய தகட்டை ஒப்படைத்துப் புதுத் தகடு எடுக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் புதிய தகடுகளில் மாகாண எழுத்தே போடுவதில்லை. மாகாணம் விட்டு மாகாணம் மாறும்போது தகட்டை மாற்றும் தேவையும் அதோடு போய்விட்டது. ஆகவே உங்கள் அல்டோ டபிள்யூ.பி என்றே கிளிநொச்சியில் ஓடலாம், பிள்ளை. அதற்காக யாரும் மறித்துக் குற்றம் எழுத முடியாது. வெளியில் கடையில் என்.பி என்று ஒரு தகடு அடித்துப் பூட்டித் தருகிறேன் என்று யாரும் சொன்னால் மட்டும் விடாதீர்கள். திணைக்களம் தந்த தகட்டைத் தவிர வேறு தகடு பூட்டுவதுதான் குற்றம்.

தகட்டு எழுத்தைப் பற்றி எங்கள் சனத்துக்கு ஏன் இவ்வளவு யோசனை என்பதற்குக் காரணம் உண்டு. 1957 இல் வாகன இலக்கத்தில் ஸ்ரீ என்ற சிங்கள எழுத்து வந்து, அதை எதிர்த்து 1958 இல் தமிழ் ஸ்ரீ எழுதும் போராட்டம் நடந்த நாட்டில் தகடு ஒருநாளும் வெறும் தகரமாக இருந்ததில்லை. பிறகு மாகாண எழுத்து வந்தபோது, என்.பி என்றால் தெற்கில் சோதனைச் சாவடியில் இறக்கிப் பார்ப்பார்கள் என்ற பயத்தில், இங்கே இருந்துகொண்டே கொழும்பு விலாசத்தில் வாகனத்தை வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். உறவினர் பெயரில் பதிந்து, அந்த உறவினர் பிறகு வெளிநாடு போய், புத்தகம் மட்டும் அவர் பெயரிலேயே நின்றுபோன வாகனங்கள் இண்டைக்கும் வன்னி ஒழுங்கைகளில் ஓடுகின்றன. அந்தக் காலத்து முடிச்சைத்தான் இப்போது அவிழ்க்க முடியாமல் நிற்கிறார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வாகனத்தில் இரண்டு கடதாசிகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் முக்கால்வாசிப் பேருக்குத் தவறு நடக்கிறது. ஒன்று பதிவுப் புத்தகம், சி.ஆர் என்பது. அதைத் தருவது கொழும்பில் நாரஹேன்பிட்டியில் தலைமைக் காரியாலயம் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், சனம் ஆர்.எம்.வி என்று சொல்வது. இது மத்திய அரசின் வேலை, 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி நடப்பது. மற்றது வருமான அனுமதிப்பத்திரம், முன் கண்ணாடியில் ஒட்டுகிறோமே, அது. அது மாகாணத்தின் வேலை. 1987 இன் 13 ஆவது திருத்தத்தோடு வாகன வரி மாகாண சபைகளின் வருமானமாகிவிட்டது; அதனால்தான் பிரதேச செயலகத்தில் எடுக்கிறோம், இப்போது இணையத்திலும் எடுக்கலாம்.

பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம் புதுப்பிக்கக் கேட்பவை காப்புறுதி, புகைச் சான்றிதழ், பழைய வரிப்பத்திரம் போன்றவை. கொண்டுவந்தவர் யார், புத்தகத்தில் இருப்பவர்தானா என்று எங்கள் கருமபீடத்தில் ஆராய்வதில்லை. காசைக் கட்டினால் பத்திரம் கிடைக்கும். அதனால்தான் பத்து வருடமாக வேறொருவர் பெயரில் இருக்கும் வாகனத்துக்கும் வருடா வருடம் சிக்கலில்லாமல் வரிப்பத்திரம் கிடைக்கிறது. வாங்கியவரும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார். அயலவர் உங்களுக்குச் சொன்ன புத்தி இங்கிருந்து வந்ததுதான். காணிக்குச் சோலைவரி கட்டிய துண்டை வைத்துக்கொண்டு காணி என்னுடையது என்று சொன்னால் எப்படியோ, வரிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு கார் என்னுடையது என்று சொல்வதும் அப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் இரண்டு பேரும் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்றவர் எம்.டி.ஏ 8 என்ற படிவத்தில், வாகனத்தை இன்ன திகதியில் இன்னாரிடம் கொடுத்துவிட்டேன் என்று அறிவிக்க வேண்டும். வாங்கியவர் எம்.டி.ஏ 6 என்ற படிவத்தில், புதிய உரிமையாளராக என்னைப் பதியுங்கள் என்று விண்ணப்பிக்க வேண்டும். அதில் விற்றவரின் கையொப்பமும் இருக்க வேண்டும். 14 நாள் கடந்தால் மாற்ற முடியாது என்பதில்லை, தாமதக் கட்டணத்தோடு மாற்றலாம். இந்த 'பிறகும் மாற்றலாம்' என்பதுதான் சனத்தைக் கெடுத்தது.

ஓப்பின் பேப்பர் என்பது இந்த எம்.டி.ஏ 6 படிவம்தான். விற்பவரின் இடத்தில் கையொப்பம் இருக்கும். வாங்குபவரின் பெயர், விலாசம், திகதி எல்லாம் வெறுமை. கையொப்பம் வைக்கும் இடத்தில் தரகர் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி போட்டிருப்பார், அதை அழிக்கக்கூட மறந்திருப்பார்கள். அடியில் அடையாள அட்டைப் பிரதி ஒன்று, பல கை மாறியதில் மடிப்புகளில் எழுத்து உரிந்து போயிருக்கும். மொரட்டுவைக்காரர் கார் சேலுக்குக் கொடுத்தார், கார் சேல் உங்களுக்குக் கொடுத்தது. புத்தகத்தைப் பொறுத்தவரை கார் சேல் என்ற ஒன்று இடையில் இருக்கவே இல்லை. அது அவர்களுக்கு வசதி. இடையில் நிற்பவர் தன் பெயருக்கு எடுக்கும் செலவும் இல்லை, பிறகு யாரும் அவரைக் கேட்கவும் முடியாது. விற்ற மொரட்டுவைக்காரருக்கும் ஆபத்து, வாங்கிய உங்களுக்கும் ஆபத்து. நடுவில் உள்ளவருக்கு மட்டும் ஒன்றுமில்லை.

காசு கொடுத்துச் சாவி வாங்கியபடியால், உங்களுக்கும் விற்றவருக்கும் இடையில் கார் உங்களுடையதுதான் என்று வாதாட இடமுண்டு. ஆனால் பொலிஸும் நீதிமன்றமும் காப்புறுதிக் கொம்பனியும் முதலில் திறந்து பார்ப்பது புத்தகத்தைத்தான். வன்னியில் இது கடதாசிப் பேச்சாக நிற்பதில்லை. கனகராயன் ஆறு, பாலி ஆறு, பேராறு பக்கங்களில் அனுமதி இல்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரங்களும் டிப்பர்களும், காட்டுக்குள் முதிரையும் பாலையும் வெட்டி ஏற்றிய வாகனங்களும் பிடிபடும் செய்தி அடிக்கடி வரும். பிடிபட்டதும் சாரதி ஓடிவிடுவார், அல்லது நான் கூலிக்கு ஓடியவன் என்பார். பிறகு இலக்கத்தை வைத்து உரிமையாளரைத் தேடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கமக்காரர், நெடுங்கேணிப் பக்கம், தன் உழவு இயந்திரத்தை ஓப்பின் பேப்பரில் கொடுத்துவிட்டு அதை மறந்தே போயிருந்தார். அது யார் யாருடைய கையிலோ போய், மணலோடு பிடிபட்டு, கடைசியில் நீதிமன்ற அழைப்பு அவர் வீட்டுப் படலையில் வந்து நின்றது. விற்றதற்கு அவரிடம் ஒரு துண்டுகூட இல்லை. எம்.டி.ஏ 8 ஐப் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தப் பற்றுச்சீட்டை வைத்திருந்தால், முதல் நாளே அதைக் காட்டிவிட்டு வந்திருக்கலாம். வேலை நாட்களை விட்டுவிட்டு, தவணைக்குத் தவணை சட்டத்தரணிக்குக் காசு கொடுத்து, தான் களவெடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது ஒரு நேர்மையான மனுசனுக்கு. இதை நினைக்க எனக்கு இப்போதும் மனம் பொறுக்காது.

வாங்கியவரின் பக்கத்தில் நடப்பதும் குறைந்ததில்லை. 2022 இல் எரிபொருளுக்கு கியூ.ஆர் முறை வந்தபோது வாகன இலக்கமும் செசி இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டார்கள். பழைய உரிமையாளர் தன் பெயரில் முதலே பதிந்துவிட்ட வாகனங்களை வாங்கி வைத்திருந்தவர்கள், பெற்றோல் வரிசையில் நிற்கவே முடியாமல் விற்றவரைத் தேடி அலைந்தார்கள். அந்த முறை 2023 செப்டெம்பரோடு நின்றுவிட்டது. ஆனால் அப்படி ஒன்று நாளைக்கு வேறு பெயரில் வரும்போதும் புத்தகத்தில் உள்ளவர்தான் ஆள். விபத்து என்றால் காப்புறுதிக் கொம்பனி முதலில் கேட்பதும் அதுதான். மூன்றாம் ஆள் காப்புறுதி கட்டாயம் என்பதற்காக ஒன்றை எடுத்து வைத்திருப்போம். முழுக் காப்புறுதியில் உங்கள் காரின் நட்டத்துக்குக் காசு கேட்கும்போது, புத்தகத்தில் இல்லாத ஒருவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் இழுத்தடிக்க நீங்களே வழி வைத்துக் கொடுக்கக்கூடாது.

ஆகவே உங்கள் விஷயத்தில் நான் சொல்வது: கார் சேலை நம்பியிருக்காமல் மொரட்டுவைக்காரரை நேரே பிடியுங்கள். அவரது விலாசம் புத்தகத்தில் இருக்கிறது. தொலைபேசி இலக்கத்தைக் கார் சேலிடம் வாங்குங்கள். தராவிட்டால் அதுவே ஓர் எச்சரிக்கை. பேசும்போது அவருக்கும் இதில் நன்மை உண்டு என்பதைச் சொல்லுங்கள். பலபேருக்குத் தங்கள் பெயரில் இன்னும் ஒரு வாகனம் எங்கோ ஓடுகிறது என்பதே ஞாபகத்தில் இருக்காது. சொன்னால் பயந்துபோய்த் தாங்களாகவே ஒத்துழைப்பார்கள். முடிந்தால் நேரில் சந்தித்து, படிவங்களைப் புதிதாகவே நிரப்பிக் கையொப்பம் வாங்குங்கள். பழைய படிவத்தில் உள்ள கையொப்பம் அவரது அடையாள அட்டைக் கையொப்பத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை அங்கேயே பாருங்கள். கொஞ்சம் வித்தியாசம் என்றாலே திணைக்களத்தில் திருப்பிவிடுவார்கள், பிறகு கிளிநொச்சியில் இருந்து மறுபடி ஒரு பயணம். எம்.டி.ஏ 8 ஐ அவர் கையால் நிரப்பிப் பதிவுத் தபாலில் போடச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டில் ஒரு பிரதி நீங்களும் வைத்திருங்கள். வாகனம் கைமாறிய திகதியும் நேரமும், இருவரின் அடையாள அட்டை இலக்கமும், கொடுத்த தொகையும் எழுதி, இரண்டு சாட்சியோடு ஒரு கடிதமும் வேண்டும். நேரம் ஏன் என்று கேட்பார்கள்: காலையில் நடந்த விபத்துக்கும் பின்னேரம் வாங்கியவருக்கும் சம்பந்தமில்லை என்று காட்டுவதற்கு.

அவர் வெளிநாட்டில் என்றால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கச் சொல்லலாம். அதைச் சட்டத்தரணி ஒருவர் பார்த்து எழுதுவதுதான் நல்லது. அவர் இறந்துவிட்டார் என்று தெரியவந்தால் அந்த ஓப்பின் பேப்பரை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். இறந்தவரின் பழைய கையொப்பத்துக்கு முன் திகதி போட்டு நிரப்பிக் கொடுக்கலாம் என்று தரகர் சொல்வார். அது மோசடி. கண்டுபிடித்தால் நிற்பது படிவத்தில் பெயர் உள்ள நீங்கள்தான், சொன்ன தரகர் இருக்கமாட்டார். இறப்புச் சான்றிதழோடு குடும்பத்தார் மூலமாகத்தான் போக வேண்டும். எந்தப் பத்திரம், நீதிமன்றக் கட்டளை தேவையா என்பது சொத்தின் பெறுமதியையும் வாரிசுகளையும் பொறுத்தது. அங்கே சட்டத்தரணிதான்.

புத்தகத்தைத் திறந்து இன்னொன்றும் பாருங்கள். பதிவு செய்த உரிமையாளர் என்பது ஓர் இடம். அப்சலூட் ஓனர் என்று இன்னோர் இடம் இருக்கும். லீசிங்கில் எடுத்த வாகனமென்றால் அங்கே ஃபைனான்ஸ் கொம்பனியின் பெயர் நிற்கும். கடன் முழுக்கக் கட்டி முடிந்தாலும் அந்தப் பெயர் தானாக அழியாது. கொம்பனியிடம் கடிதம் வாங்கித் திணைக்களத்தில் கொடுத்தால்தான் நீக்குவார்கள். கட்டி முடியவில்லை என்றால் நிலைமை வேறு. தவணை கட்டாமல் விட்டது விற்றவராக இருந்தாலும் கொம்பனி வந்து தூக்குவது உங்கள் முற்றத்தில் நிற்கும் வாகனத்தை. 2009 க்குப் பிறகு வன்னிக்குள் லீசிங் கொம்பனிகள் வந்த வேகத்தில், மோட்டார் சைக்கிள் முதல் உழவு இயந்திரம் வரை பாதி வாகனத்துக்குப் பின்னால் ஒரு கடன் இருந்தது. அதில் அரைவாசி கட்டிய நிலையில் விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. வாங்க முதல் அந்தக் கொம்பனிக் கிளைக்கு வாகன இலக்கத்தோடு போய்க் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

காருக்குப் பக்கத்தில் நின்று செய்யும் வேலையும் ஒன்றுண்டு. செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வெயிலில் நிறுத்தி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்துத் தெளியும். பூச்சியமும் ஓ எழுத்தும், எட்டும் பி எழுத்தும் குழப்பும் இடங்கள். சுற்றிவர மட்டும் புதுப் பெயின்ற் இருந்தால், அல்லது ஒரு இலக்கம் மற்றதைவிட ஆழமாகக் குத்தியிருந்தால், காசு கொடுக்க முதல் நில்லுங்கள். எஞ்சின் மாற்றிய வாகனம் என்றால் அது புத்தகத்தில் பதிவாகி இருக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், இருந்தாலும் இண்டைக்கே பாருங்கள். திணைக்களத்தில் அதிகாரி கண்டுபிடிப்பதைவிட நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது.

இதை வாசிக்கும் வன்னிச் சனத்துக்காகவும் சிலது எழுத வேண்டியிருக்கிறது. அவர்களின் நிலைமை ஆசிரியையினதைவிடக் கடினம். இறுதி யுத்தத்தில் வாகனத்தை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு, புத்தகத்தை மட்டும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பங்கருக்குள் புதைத்து வைத்துப் பிறகு தோண்டி எடுத்தவர்களும் உண்டு. அப்படி வந்த புத்தகங்களைக் கருமபீடத்தில் கையில் வாங்கியிருக்கிறேன்: ஓரமெல்லாம் கறள் நிறம், மடிப்பில் மை ஊறி அடுத்த பக்கத்தில் தலைகீழாகப் பதிந்திருக்கும், செசி இலக்கத்தில் கடைசி மூன்று எழுத்தும் ஒரே கறையாக இருக்கும். வாசிக்க முடியாத புத்தகமும் தொலைந்த புத்தகமும் திணைக்களத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒன்றுதான். தொலைந்ததென்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். கறைபட்டதென்றால் அந்தப் புத்தகத்தையே கொண்டுபோய்க் கொடுங்கள். எறிந்துவிட்டுத் தொலைந்தது என்று சொல்லாதீர்கள், பாதி எழுத்தாவது அங்குள்ள கோப்போடு பொருந்தினால் வேலை சுருங்கும். கோப்பில் உள்ள விலாசத்தில் இப்போது நீங்கள் இல்லை என்றால், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழைப் பிரதேச செயலாளரின் ஒப்பத்தோடு எடுத்துப் போங்கள்.

அடுத்தது எழுதவே கனமானது. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட வீட்டில் அவரது மோட்டார் சைக்கிளோ லாண்ட்மாஸ்டர் என்ற சிறிய உழவு இயந்திரமோ இருக்கும், புத்தகம் அவர் பெயரில். மனைவிமார் அதை விற்கவோ பெயர் மாற்றவோ போனால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தில் காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க வழி இருந்தது. ஆனால் என் மனுசன் செத்துப்போனார் என்று கையொப்பம் வைக்க எத்தனையோ பேருக்கு மனம் வரவில்லை, வரவும் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு, இறந்தார் என்று சொல்லாமல் அவர் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றும் வந்தது. குடும்பம் அவருடைய சொத்தைப் பார்த்துப் பராமரிக்க அது வழி செய்கிறது. அதை வைத்து வாகனத்தை முழுதாக விற்கலாமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் இலவசமாகக் கேட்டுத் தெளிய வேண்டும். கருமபீடத்தில் இருந்த அனுபவத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வரிப்பத்திரமும் காப்புறுதியும் மட்டும் தவறாமல் புதுப்பித்து வாருங்கள், வாகனம் வீட்டுத் தேவைக்கு ஓடட்டும். ஓப்பின் பேப்பரில் கணவரின் கையொப்பத்தை நானே வைத்துத் தருகிறேன் என்று வரும் ஆட்களை மட்டும் படலைக்குள் விடாதீர்கள். அந்தப் பெண்களின் இயலாமையை அரை விலைக்கு வாங்குகிறவர்கள் அவர்கள்.

மீண்டும் ஆசிரியையின் காருக்கு. எங்கே போவது என்றால், முதலில் கிளிநொச்சிக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், பக்கம் கேளுங்கள். திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயங்கள் எல்லாவற்றிலும் எல்லா வேலையும் நடப்பதில்லை. உங்கள் வகை வாகனத்தின் உரிமை மாற்றம் எங்கே செய்யலாம் என்பதை நேரில் கேட்டுவிட்டுப் போவது இரவு பஸ் செலவை மிச்சம் பிடிக்கும். அரசாங்கத் தகவல் நிலையம் 1919 இல் தமிழிலேயே கேட்கலாம். நாரஹேன்பிட்டிக்குப் போகவேண்டி வந்தால் முன்கூட்டியே நேரம் பதிந்துவிட்டுப் போங்கள். மூலப் புத்தகம், நிரப்பிய எம்.டி.ஏ 6, இருவரின் அடையாள அட்டைப் பிரதி, காலாவதியாகாத வரிப்பத்திரம், அப்சலூட் ஓனர் இருந்தால் அவர்களின் கடிதம், வரி அடையாள இலக்கம், அதாவது டின், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வேண்டும். காரியாலய வாசலில் பிரதி எடுக்கப் போய் வரிசையை இழந்து நிற்பவர்கள் அதிகம். வாசலிலேயே நிற்கும் தரகர் ஒருவர், அம்மா நான் செய்து தருகிறேன் என்று வருவார். உங்கள் மூலப் புத்தகத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

இரண்டு மாதம் இருக்கிறது என்று ஆறுதலாக இருக்கவும் வேண்டாம். உயிருள்ள வரிப்பத்திரத்தோடு மாற்றத்துக்குப் போவது எப்போதும் இலகு. காலாவதியாகிவிட்டால் தண்டப்பணமும் சேரும், ஒன்றை முடிக்க மற்றதைக் காட்டச் சொல்லும் அலைச்சலும் வரும். மாற்றம் முடிய நாள் பிடிக்கும் போலத் தெரிந்தால், புகைப் பரிசோதனையை முதலே செய்து வைத்துவிட்டு வரிப்பத்திரத்தைப் புதுப்பித்துக்கொண்டே போங்கள். பெயரும் விலாசமும் கிளிநொச்சிக்கு வந்த பிறகு நீங்கள் கட்டும் வருட வரி வட மாகாணத்தின் கணக்கில் சேரும். பரந்தனுக்கும் அக்கராயனுக்கும் நடுவில் இன்னும் கிரவல் புழுதிக்குள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்க்கிற ஓர் ஆசிரியைக்கு, இது சின்ன விஷயமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

புதிய புத்தகம் உங்கள் பெயரில் வந்ததும் அதன் பிரதியோடு காப்புறுதிக் கொம்பனிக் கிளைக்குப் போய் ஒப்பந்தத்தையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூலப் புத்தகத்தைக் காருக்குள் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள். மொரட்டுவைக்காரரைத் தேடிப்போய் அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது கையொப்பம் தன்னுடையதில்லை என்று சொன்னார் என்றால், படிவங்களில் எதையும் நிரப்பாமல், கார் சேலில் காசு கொடுத்த பற்றுச்சீட்டோடு இங்கே திரும்ப எழுதுங்கள். அது வேறு வழியால் போக வேண்டிய விஷயம், அதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.